மனிதக் கை படாத சுவர்

நிரஞ்சன் அந்தக் குடங்களுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

தூத்துக்குடி கிருபை நகரில் ஆறாம் பிளாக்கின் தரைத்தளம். நடைபாதை ஓரமாக, சுவரிலிருந்து பிதுங்கிக்கொண்டு, கல் குடங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்கு இடுப்பு நசுங்கியிருந்தது. இன்னொன்றுக்கு வாய் இல்லை. கடைசிக் குடம் பாதி உருவானதோடு சுவருக்குள் கரைந்துபோயிருந்தது.

“ஒரே வடிவம், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துபோய்,” என்றான் நிரஞ்சன். “ஞாபகம் போகும்போது ஒரு கட்டடம் இப்படித்தான் புலம்பும்.”

“தம்பி, அந்த நசுங்கினது என் குடம்,” என்றாள் ரோஸ்லின் டீச்சர்.

நிரஞ்சன் அன்போடு திரும்பிப் பார்த்தான். “அப்படித்தான் தோணும் மேடம். நல்ல கலைன்னா, பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் அது தன்னோடதுன்னு தோணும்.”

“தோணல தம்பி. தண்ணி லாரி ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் வரும். குடத்தை வரிசையில போட்டுட்டுத்தான் ஆராதனைக்கே போவோம். இல்லைன்னா அஞ்சாம் பிளாக்காரிய முந்திக்கிடுவாளுவ.”

“அழகான விளக்கம்,” என்று அவன் எழுதிக்கொண்டான்.

ரோஸ்லின் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். சரியான விடையைச் சொல்லியும் எதிராளி மகிழ்ச்சியாக வேறு விடையை எழுதிக்கொண்டதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

நிரஞ்சன் சென்னையிலிருந்து வந்த கட்டடக் கலைஞன். நல்ல பையன். ஆனால் நேரான எதையும் அவனுக்குப் பிடிக்காது. அவன் படித்ததே சிதைவழகு. கணினிப் பதிவுகள் பழசாகி அழியும்போது அவற்றை நம்பியிருக்கும் கட்டடங்களில் தோன்றும் கோணல்களை ரசிக்கிற படிப்பு அது. பணக்காரர்கள் லட்சக்கணக்கில் கொடுத்துப் புது வீட்டுக்குக் கோணல் வைத்துக்கொண்டிருந்த காலம். கடற்கரைச் சாலையில் எங்கும் போகாத படிக்கட்டு இல்லாத பங்களா பங்களாவே இல்லை. ஆனால் அவையெல்லாம் போலி. கிருபை நகரில்தான் அசல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, சிதைவழகு அறக்கட்டளையின் தலைவி வசுந்தரா மேடம் அவனை அனுப்பிவைத்திருந்தாள்.

பிளாக்கின் செயலாளர் தேவபிச்சை அவன் பின்னாலேயே நடந்தார். கோயிலில் மணி அடிப்பவர். பொய் சொல்லத் தெரியாதவர். அன்று காலை அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

“இந்தச் சுவரெல்லாம் அச்சடிச்ச சுவருங்க ஐயா,” என்று நிரஞ்சன் அவருக்கு விளக்கினான். “கட்டடத்தோட வரைபடம் சுவருக்குள்ளேயே பதிஞ்சிருக்கு. வாரம் ஒரு தடவை நண்டு வெளியே வரும் இல்லையா?”

“வரும். ஞாயித்துக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போன பொறவு.”

நண்டு என்பது உள்ளங்கை அளவுள்ள பழுதுபார்க்கும் பொறி. மொட்டைமாடிப் பொந்திலிருந்து கூட்டமாக இறங்கி, விரிசல் கண்ட இடத்தில் கலவையைக் கக்கிப் பூசிவிட்டுத் திரும்பவும் ஏறிப் போய்விடும்.

“அது சுவர்ல இருக்கிற வரைபடத்தைப் படிச்சுத்தான் வேலை செய்யும். இங்கே உப்புக் காத்துல அந்தப் பதிவு அரிச்சுப் போச்சு. அதனால நண்டு தப்புத் தப்பா கட்டுது. கட்டித்தந்த கம்பெனி மாசக் கடைசியில பழைய வரைபடத்தைச் சுத்தமா திரும்ப எழுதப்போறாங்க. அதுல இல்லாத எல்லாத்தையும் நண்டே கரைச்சுடும்.”

“எல்லாத்தையுமா?”

“நான் தூய சிதைவுன்னு சான்று கொடுக்கிற இடத்தைத் தவிர. அதை அறக்கட்டளை காப்பாத்தும். ஒரே நிபந்தனை, மனிதக் கை பட்டிருக்கக் கூடாது.” நிரஞ்சன் கடைக்கோடியைச் சுட்டினான். “அங்கே படிக்கட்டுக்கு அடியில ஒரு அறை இருக்காமே? வரைபடத்துல இல்லாத அறை?”

தேவபிச்சை வாயைத் திறந்தார். ரோஸ்லின் டீச்சர் ஒரு பனங்கற்கண்டுக் கட்டியை அதற்குள் போட்டாள். வாய் மூடிக்கொண்டது.

“அண்ணாச்சிக்குச் சர்க்கரை குறைஞ்சா மயக்கம் வரும்,” என்றாள் டீச்சர்.

அந்த அறையில் பேச்சியம்மாள் இருந்தாள். இறால் கம்பெனியில் இரவு வேலை செய்பவள். கடல் ஏறி அவள் குடிசையைக் கொண்டுபோனபின் போக்கிடமில்லாமல் இந்தப் படிக்கட்டின் அடியில் வந்து படுத்தாள். வேறு வீடு பிடிக்க அவளிடம் முன்பணமும் இல்லை, பரிந்துபேச ஆளும் இல்லை. மாசக் கடைசியில் அறை கரைந்தால் அவள் திரும்பவும் தெருவில்தான். பிளாக்கில் எல்லாருக்கும் இது தெரியும்.

ஆகவே முந்தின நாள் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். பேச்சியின் பாய், அடுப்பு, வாசலில் தொங்கும் திரை எல்லாவற்றையும் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. காலி அறையைப் பார்த்து அந்தப் பையன் சான்று கொடுத்துவிட்டுப் போவான். பிறகு பேச்சியை உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

“அப்ப பொய் சொல்லணுமா?” என்று கேட்டிருந்தார் தேவபிச்சை.

“நீங்க ஒண்ணுஞ் சொல்லாண்டாம் அண்ணாச்சி. பனங்கற்கண்டைச் சப்புங்க. வேதத்துல அதுக்குத் தடை இல்ல.”

கதவில்லாத வாசலில் நிரஞ்சன் குனிந்து உள்ளே நுழைந்தான்.

அந்த அறைக்குச் சுவர்கள் நேராக நிற்கவில்லை. மேலிருந்து தொங்கின. கல்லுக்கு மடிப்பு விழுந்திருந்தது. கொசுவம் போலச் சரிந்து, தரைக்கு அருகே லேசாக விரிந்து நின்றது. ஓரங்களில் நுணுக்கமான கோலங்கள் ஓடின. காலை வெயில் அவற்றின் மேல் விழுந்தபோது சுவரே காற்றில் அசைவதுபோல இருந்தது.

நிரஞ்சனின் கண்கள் கலங்கிவிட்டன. போனை எடுத்து வசுந்தரா மேடத்துக்கு அந்த அறையைக் காட்டினான்.

“நிரஞ்சன்!” என்று போன் அலறியது. “இது தேசத்துலயே இல்லாதது! மனிதக் கை?”

“சுத்தமா இல்லை மேடம். மனுஷனுக்கு இப்படி யோசிக்கவே தெரியாது.”

“உடனே கயிறு கட்டு. காவலுக்கு ஆள் அனுப்பறேன். ஒரு ஈ உள்ளே போகக் கூடாது. அடுத்த மாசக் கண்காட்சியில முதல் பேரு உன்னுதுதான்.”

அவன் பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்து வாசலின் குறுக்கே கட்டினான்.

“கயிறா?” என்றாள் டீச்சர். “எத்தனை நாளைக்கு?”

“நாளைக்கா? நிரந்தரமா மேடம். காப்பாத்தப்பட்ட இடம் ஆச்சே. யாரும் உள்ளே போகவே முடியாது.”

டீச்சரின் முகம் மாறியது. இப்படி ஒரு காப்பாற்றல் உண்டு என்பது அவர்கள் திட்டத்தில் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் வேலை முடிந்து வந்தாள். அவளை வாசலில் மறித்து டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டிய தேவபிச்சை பையனுடன் சுற்றிக்கொண்டிருந்தார். இறால் கம்பெனி வேனும் அன்று பின்பக்கமாக வந்து நின்றது. உடம்பெல்லாம் இறால் வாடையோடு வந்தவள், கயிற்றைப் பார்த்தாள். குனிந்து உள்ளே போனாள். தூக்குவாளியைச் சுவரின் ஒரு மடிப்பில் மாட்டினாள். வெறுந்தரையைப் பார்த்தாள்.

“எம் பாய எவ எடுத்தா?”

நிரஞ்சன் இரண்டு கைகளையும் நீட்டினான். “அம்மா! அதுல மாட்டாதீங்க!”

“ஆணி அடிச்சிருந்தா அதுல மாட்டுவேன். ஆணி இல்லையே சார்.”

“அம்மா, இது ஒரு கலைப்படைப்பு.”

“இருக்கட்டும். நான் அது மேலயா படுக்கப்போறேன்? தரையிலதான படுக்கேன்.”

நிரஞ்சன் மெதுவாகத் திரும்பினான். நடைபாதையில் பிளாக்கே கூடி நின்றது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“செயலாளர் ஐயா, இங்கே ஆள் இருக்காங்களா? இந்தச் சுவர்ல மனிதக் கை பட்டிருக்கா?”

டீச்சர் இடுப்புப் பையைத் துழாவினாள். பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டிருந்தது.

தேவபிச்சை வாயில் மிச்சமிருந்ததை விழுங்கினார். “கை படல தம்பி,” என்றார். “சேலைதான் பட்டுது.”

“சேலையா?”

“பேச்சிக்கு ராத்திரி வேலை. பகல்லதான் உறக்கம். மத்த நாள்ல நாங்க இருப்போம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டா பிளாக்குல ஆளே கிடையாது. இந்தப் பக்கம் குறுக்குவழியா போற பயலுவ நின்னு நின்னு பாக்கானுவன்னு டீச்சர் ஒரு பழைய சேலையைக் கட்டிவிட்டாவ. அப்புறம் வெயில் அடிக்குன்னு மேல்வீட்டு எஸ்தர் ஒண்ணு. காத்துக்குப் பறக்குன்னு என் வீட்டுக்காரி ஒண்ணு. கோயிலுக்குப் போகையில கட்டிட்டுப் போவாவ, வந்து அவுத்துருவாவ. ஒரு நாள் வந்து அவுத்தா, பின்னால சுவர் நிக்கி.”

“எங்க சபை ஐயர் அன்னைக்கு ஸ்தோத்திர ஜெபம் பண்ணினாரு,” என்றாள் டீச்சர். “ஆனா என்ன காரியத்துக்குன்னு ஆண்டவர்கிட்ட விவரமா சொல்லல. வீட்டு வசதி வாரியத்துக்குத் தெரிஞ்சிரும்னு.”

நிரஞ்சன் சிரிக்க முயன்றான். டீச்சர் வீட்டுக்குள் போய் ஒரு சேலையோடு வந்தாள். மாங்காய்க் கரை போட்ட மஞ்சள் சேலை. கயிற்றைத் தாண்டிப் போய் அதை வலப்பக்கச் சுவரின் மேல் விரித்தாள். மாங்காய்மேல் மாங்காய் உட்கார்ந்தது. கரையில் ஒரு இடத்தில் டீச்சர் போட்டிருந்த ஒட்டுத் தையல்கூடக் கல்லில் தையலாகவே இருந்தது.

நிரஞ்சன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“படிக்க முடியாத இடத்துக்கு நண்டு வந்தா, எதிர்ல என்ன இருக்கோ அதையே வரைபடம்னு நினைச்சுக்குது,” என்றான் தனக்குத்தானே. “வாரா வாரம் அதே இடத்துல அதே பொருள் இருந்தா, அது சுவர்னு முடிவு பண்ணிடுது.” பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தான். “அப்ப அந்தக் குடம்?”

“நான் வந்ததும் வராததுமா சொன்னேனே தம்பி.”

எங்கோ மேல்மாடியில் குக்கர் விசில் அடித்தது.

“சார்,” என்றாள் பேச்சியம்மாள், “இப்ப எனக்கு என்ன? அதச் சொல்லுங்க.”

அவனுக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னான். “தூய சிதைவுன்னு எழுதினா கயிறு கட்டிடுவாங்க. மனுஷ வேலைன்னு எழுதினா மாசக் கடைசியில கரைச்சிடுவாங்க.”

“ரெண்டுலயும் நான் வெளியதான?”

“ஆமாம்மா.”

“பெறவு எதுக்கு ரெண்டு வச்சிருக்கிய? ஒண்ணு போதுமே.”

பேச்சியம்மாள் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். கண்கள் சிவந்து, சட்டை கசங்கி, உதடு காய்ந்து இருந்தான்.

“எப்ப சாப்பிட்டிய?”

“ரயில்ல... பக்கத்து பெர்த்துல ஒருத்தர் விடிய விடியக் குறட்டை. தூங்கவும் இல்லை.”

“முதல்ல அதச் சொல்லாண்டாமா.” அவள் தூக்குவாளியைச் சுவர் மடிப்பிலிருந்து எடுத்தாள். கம்பெனியில் தனக்குக் கொடுத்த இட்லியை மூடியில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள். டீச்சர் வீட்டிலிருந்து தன் பாயை வாங்கிவந்து விரித்தாள். “தின்னுட்டு சாயுங்க. நான் டீச்சரம்மா வீட்ல கிடந்துக்கிடுதேன். என்னைய வெளிய அனுப்புததுன்னாலும் கொஞ்சம் கண்ணசந்துட்டு அனுப்புங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனைத் துன்புறுத்தியது.

அவன் சாப்பிட்டான். ஒரு நிமிஷம் சாயலாம் என்று சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

விழித்தபோது அறை இளம் மஞ்சளாக இருந்தது. வெயில் முகத்தில் விழவில்லை. வாசலில் சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது. ஆனால் அதன்மேல், கொடியில் காயப்போட்டதுபோல, டீச்சரின் மாங்காய்க் கரைச் சேலை தொங்கியது. வெளியே யாரோ வாளியை நங்கென்று வைத்தார்கள். உடனே டீச்சரின் குரல் கிசுகிசுத்தது:

“மெல்ல வையி, எஸ்தரு! அந்தத் தம்பி உறங்குது.”

நிரஞ்சன் அசையாமல் படுத்திருந்தான். அவன் சென்னையில் இருக்கும் வீட்டில் எங்கும் போகாத படிக்கட்டு ஒன்று உண்டு. தானே வடிவமைத்தது. பரிசு பெற்றது. ஆனால் அவன் தூங்குகிறான் என்பதற்காக அந்தப் பக்கத்தில் எவரும் குரலைத் தாழ்த்தியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சேலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். “டீச்சர், ஒரு வழி இருக்கு,” என்றான். அவளை மேடம் என்று கூப்பிட்டவன் எப்போது டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினான் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

“கட்டடம் எப்படி இருக்கோ அப்படியே அளந்து புதுசா ஒரு வரைபடம் போடலாம். கட்டடக் கலைஞர் கையெழுத்துப் போட்டா அதுதான் அசல். கட்டித்தந்த கம்பெனிக்கு எந்த வரைபடத்தை எழுதினாலும் ஒண்ணுதான், கையெழுத்து இருக்கணும். அப்புறம் நண்டு இந்த அறையைக் கரைக்காது. விரிசல் விட்டா பூசித்தான் வைக்கும்.”

“அப்ப இது தப்பு இல்லைன்னு ஆயிரும்?” என்று கேட்டார் தேவபிச்சை.

“ஆமாங்க ஐயா. தப்பே இல்லைன்னு ஆயிடும். அதனால சிதைவும் இல்லை. கண்காட்சியும் இல்லை.” அவன் லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டான். “எனக்கு வேலையும் இருக்காதுன்னு நினைக்கிறேன்.”

“ஐயையோ,” என்றாள் பேச்சியம்மாள், தூக்கக் கலக்கத்தோடு வாசலில் நின்று. பிறகு, சற்று யோசித்து, “எழுதுததுதான் எழுதுதிய, அப்படியே மேக்கால ஒரு ஜன்னல் எழுதிருங்க சார். உள்ள புழுங்குது.”

“இல்லாததை எழுத முடியாதும்மா. பொய்யாயிடும்.”

தேவபிச்சை பலமாகத் தலையாட்டினார்.

“இருந்தா எழுதலாமா?”

நிரஞ்சன் மாசக் கடைசிக்கு எத்தனை ஞாயிறு இருக்கிறது என்று விரல் விட்டுப் பார்த்தான். பிறகு, “யார்கிட்டயாவது சுத்தியல் இருக்கா?” என்றான்.

மனிதக் கை படக்கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன், அன்று மதியம் இருமிக்கொண்டே சுவரை உடைத்தான். அடிக்கத் தெரியவில்லை. மூன்று அடியில் ஒன்று விரலில் விழுந்தது. எஸ்தரின் கணவன் சுத்தியலை வாங்கி ஓட்டையைப் பெரிதாக்கினான். அதன்பிறகு ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகும்முன் அந்த ஓட்டையின் விளிம்பில் நண்டு அதையும் சுவர் என்று நம்பட்டும் என்று எஸ்தர் ஒரு படச்சட்டத்தைச் சாத்தி வைத்தாள். நிரஞ்சன் அலுவலகத்துக்கு “ஆய்வு தொடர்கிறது” என்று எழுதினான். அது உண்மைதானா என்று தேவபிச்சை அவனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

மாசக் கடைசிக்குள் ஜன்னல் உருவாகிவிட்டது. ஒரு பக்கம் சற்றே சரிந்திருந்தது.

“வரைபடத்துல நேராக்கிடவா?” என்றான் நிரஞ்சன்.

“வேண்டாம் சார்,” என்றாள் பேச்சியம்மாள். “நேரா இருந்தா உங்க மெட்ராஸ்காரவிய வந்து துட்டு குடுத்துக் கோணலாக்குவாவ.”

அவன் இருப்பதை இருப்பதுபோலவே வரைந்து கையெழுத்துப் போட்டான். அந்த அறைக்கு என்ன பெயர் என்று வரைபடம் கேட்டது. வீடு என்று எழுதினான்.

வசுந்தரா மேடம் போனில் அவனைத் திட்டியதை இங்கே எழுத வேண்டியதில்லை. கோபத்தில் மனிதர் பேசுவதையெல்லாம் எழுதிவைப்பது நல்ல பழக்கம் அல்ல. எல்லாம் பேசி ஓய்ந்தபின் அவள் கொஞ்சம் மெல்லிய குரலில் கேட்டாள்:

“அந்த மாதிரிச் சுவர் எனக்கு வேணும் நிரஞ்சன். நானும் நண்டு வச்ச வீடா கட்டிக்கறேன். எவ்வளவு ஆகும்?”

“பணமெல்லாம் ஆகாது மேடம். ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக்காரங்க வந்து உங்களுக்குச் சேலை கட்டணும்.”

“எந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க?”

“உங்க பக்கத்து வீட்டுக்காரங்க.”

“அவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே,” என்றாள் மேடம். போன் வைக்கப்பட்டது.

நிரஞ்சன் வேறு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் திரும்பவும் கூப்பிட்டாள்.

“நிரஞ்சன், பக்கத்து வீட்டம்மா பேரு லோகாம்பிகை. முட்டி வலியாம். நாலு படி ஏறினா நின்னுடறாங்க. எங்க வீட்டு நாற்காலி ஒண்ணைக் கொண்டுபோய் அவங்க படிக்கட்டு நடுவுல போட்டேன். வாரா வாரம் போய்ப் பார்க்கறேன். சுவர்ல இன்னும் ஒண்ணும் வரலையே?”

“அது நண்டு இருக்கிற வீடா மேடம்?”

“இல்லையே. செங்கல் வீடு. பழசு.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது.

“அப்ப ஒண்ணும் வராதா?” என்று கேட்டாள். “நாற்காலியை எடுத்துடட்டுமா?”

“அந்தம்மா அதுல உக்கார்றாங்களா மேடம்?”

“தினமும் உக்கார்றாங்களாம். நான் போனா என்னையும் கீழ்ப்படியில உக்காரச் சொல்றாங்க. விடவே மாட்டேங்கறாங்க.”

“அப்ப அது இருக்கட்டும் மேடம்,” என்றான் நிரஞ்சன்.